இரட்டையருக்கு எத்தனை சீட்டு?



தில்லியில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதிய நான்கு பக்கக் கடிதம் நம் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறார். கணவர் தனியார் நிறுவனமொன்றில் கணக்கர். இருவரும் நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள், வயது மூன்றரை. நர்சரி வகுப்புக்காக 14 பள்ளிகளில் விண்ணப்பித்தார்கள். பிள்ளைகள் இருவர் ஆகையால் படிவங்கள் 28. முதற்பட்டியல் வெளியானபோது, வீட்டிலிருந்து நடந்தே செல்லக்கூடிய பள்ளியில் மகளின் பெயர் இருந்தது. மகனின் பெயரோ காத்திருப்போர் பட்டியலில் 41ஆவது இடத்தில் இருந்தது. பணம் கட்டுவதற்குச் சில நாட்களே கெடு. மகளுக்குக் கட்டிவிட்டார்கள். மகனுக்கு 7 கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு பள்ளியில் இடம் கிடைத்தது. இப்பொழுது அவ்வீட்டில் இரண்டு விதச் சீருடை, இரண்டு விதப் பள்ளி நேரம், இரண்டு விதமான விடுமுறை நாட்கள். மகள் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து செல்வதைக் கண்டு, மகன் வேனில் ஏற மறுத்து அழுகிறானாம்.

கடிதத்தின் முடிவில் அச்சகோதரி கேட்டிருந்த கேள்வி ஒன்றே. இரட்டைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் தனி முன்னுரிமை அளிக்கச் சட்டம் வேண்டாமா என்பதே அது.

அவருடைய நிலையை எண்ணி நம் உள்ளம் இரங்குகிறது. ஆயினும், வேண்டும் என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட நம்மால் இயலவில்லை. அவருக்கு நேர்ந்தது அநியாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அவர் கேட்கும் மருந்து சரியானதா என்பதையே நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

ஊரிலிருக்கும் உறவினர்களுக்கு இந்தச் சிக்கலைப் புரியவைப்பது கடினம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்றொரு கிராமம் உண்டு. இரட்டையர் மிகுதியாகப் பிறக்கும் ஊர் என்று அது பெயர் பெற்றது. அங்கேகூட அரசுப் பள்ளியின் வாசலில் இரட்டையரைப் பிரித்து, ஒருவன் உள்ளே வா, மற்றவன் வெளியே நில் என்று எவரும் சொல்லப்போவதில்லை. வருகிற பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்வதே அரசுப் பள்ளியின் கடமை. இடம் குறைவாகவும் கேட்பவர் மிகுதியாகவும் உள்ள பெருநகரத் தனியார் பள்ளிகளில்தான் இந்தக் கேள்வியே பிறக்கிறது. அதிலும் தில்லியைப் போல இதற்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய நகரம் நம் நாட்டில் வேறு இருக்குமா என்பது ஐயமே.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று வயதுக் குழந்தையையும் அதன் பெற்றோரையும் உட்காரவைத்து நேர்காணல் நடத்தும் வழக்கம் முன்பு அங்கே பரவலாக இருந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், அப்போது மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தலைவராக இருந்த அசோக் கங்குலியின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. நேர்காணல் ஒழிந்து மதிப்புள்ளி முறை வந்தது. 2007இல் தில்லி அரசு அதற்கான ஆணையைப் பிறப்பித்தது. 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் நஜீப் ஜங் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான அளவுகோலை வகுத்தார். மொத்தம் 100 புள்ளிகள். பள்ளிக்கு 8 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் 70. உடன்பிறந்தவர் அதே பள்ளியில் படித்தால் 20. தாயோ தகப்பனோ அப்பள்ளியின் முன்னாள் மாணவரானால் 5. வேற்று மாநிலத்திலிருந்து பணிமாற்றம் பெற்று வந்தவரானால் 5. சம புள்ளிகள் பெற்றோர் மிகுந்தால் குலுக்கல். அந்தக் கடைசி 5 புள்ளி நம்மைப் போன்றோருக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது. 2014 பிப்ரவரியில் அதையும் நீக்கிவிட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 28 அன்று உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறைகளையே செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் தனியார் பள்ளிகள் தத்தம் அளவுகோலைத் தாங்களே வகுத்து அறிவிக்கின்றன.

2016 ஜனவரியில் தில்லி அரசு அத்தகைய அளவுகோல்களில் 62ஐ நீக்கி ஆணையிட்டது. பெற்றோர் புகைபிடிக்கிறார்களா, மது அருந்துகிறார்களா, புலால் உண்கிறார்களா என்பவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. முதல் இரண்டில் நம் வாசகர்களின் வீடுகள் முழுப் புள்ளியும் பெற்றிருக்கும். மூன்றாவதில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு நம்மைக் கவிழ்த்திருக்கும். அடுத்த மாதமே, நிர்வாக ஒதுக்கீட்டையும் 11 அளவுகோல்களையும் நீக்கியதற்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

இந்தப் புள்ளிக் கணக்கில் இரட்டையர் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். உடன்பிறந்தோருக்கான புள்ளி ஏன் தரப்படுகிறது? ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குச் சென்றால் பெற்றோருக்குப் போக்குவரத்துச் சுமை குறையும்; பெரியவன் சின்னவனைக் கவனித்துக்கொள்வான்; ஆசிரியருக்கும் அக்குடும்பம் பழக்கமானதாக இருக்கும். இந்தக் காரணங்கள் யாவும் இரட்டையருக்கு இருமடங்கு பொருந்தும். ஆனால் விதியோ, ஏற்கெனவே அப்பள்ளியில் படிக்கும் உடன்பிறந்தவர் என்று சொல்கிறது. தலைச்சன் பேறாகவே இரட்டையர் பிறந்திருந்தால் இருவரில் எவரும் இன்னும் பள்ளியில் இல்லை. ஆகவே ஒரே கருவில் ஒன்பது மாதம் சேர்ந்திருந்த இருவர், சேர்க்கைப் படிவத்தின் கண்ணுக்கு உடன்பிறந்தோர் அல்லர்! ஒரு வயது இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பிக்குக் கிடைக்கும் சலுகை இவர்களுக்கு இல்லை. இது எவரோ திட்டமிட்டுச் செய்த தீங்கன்று. விதியை எழுதியவரின் மனத்தில் இரட்டையர் தோன்றவேயில்லை, அவ்வளவே.

அப்படியானால் அவர்களுக்கும் ஒரு 20 புள்ளியைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் 42ஆவதாக நிற்கும் பிள்ளையின் தாயை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு ஒரே மகள். கணவனை இழந்தவளாகவும் இருக்கலாம். அவளுடைய பிள்ளை தனியாகப் பிறந்தது அதன் குற்றமா? இரட்டையருக்குப் புள்ளி கூட்டும்போது அந்த இரண்டு இடங்களும் வானத்திலிருந்து வருவதில்லை. வேறு இரு பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்படுகின்றன. மேலும், இரட்டைப் பிறப்பு உலகெங்கும் பெருகிவருகிறது. 1980களில் 1000 பேறுகளுக்கு ஏறத்தாழ 9 ஆக இருந்த இரட்டைப் பேறு இப்போது 12 ஆகியிருக்கிறது என்று 2021இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. தாய்மார்கள் பிந்திய வயதில் பிள்ளை பெறுவதும், கருத்தரிப்புச் சிகிச்சைகள் பெருகியதும் இதற்கு முக்கியக் காரணங்கள். அச்சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். இரட்டையருக்கெனத் தனிப் புள்ளி வைத்தால், அதனால் பயன்பெறுவோரில் வசதியுள்ள குடும்பங்களும் கணிசமாக இருக்கும். இதைச் சொல்வதால் நெடுநாள் காத்திருந்து பிள்ளை பெற்றவர்களை நாம் குறைகூறுவதாக எவரும் எண்ண வேண்டாம்.

ஆகவே முன்னுரிமை என்ற சொல்லையே சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, குலுக்கல் எப்படி நடக்கிறது என்பதைக் கவனிப்போம். சீட்டுப் போடுதல் வேதாகமம் வாசிக்கிற நமக்குப் புதிதன்று. கானான் தேசம் கோத்திரங்களுக்குப் பங்கிடப்பட்டதும் சீட்டினால்தான். ஒருவரும் ஒருவரைக் குறைசொல்ல முடியாதபடி பங்கிடும் வழி அது. ஆனால் பெட்டிக்குள் சீட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒரு பள்ளியில் சம புள்ளி பெற்ற 100 பிள்ளைகள் இருக்கிறார்கள். இடங்கள் 20 என்று வைத்துக்கொள்வோம். தனிப் பிள்ளையின் பெற்றோருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 100க்கு 20. அந்த 100 பேரில் ஓர் இரட்டையர் ஜோடியும் இருக்கிறது. இருவருக்கும் தனித்தனிச் சீட்டு. இருவரும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 100க்கு ஏறத்தாழ 4தான். இருவரும் தவறிப்போகும் வாய்ப்பு 64. மீதமுள்ள 32, ஒருவர் உள்ளே ஒருவர் வெளியே என்ற நிலை. அந்தச் சகோதரிக்கு நேர்ந்தது அபூர்வமான விபத்தன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஏதேனும் ஓர் இடமாவது கிடைக்கும் இரட்டையர் வீடுகளில் பெரும்பாலானவற்றில் பிள்ளைகள் பிரிந்தே தீர வேண்டும் என்பதுதான் தனித்தனிச் சீட்டின் பொருள்.

இதைக் கண்டு இரங்கி, ஒருவருக்குச் சீட்டு விழுந்தால் மற்றவரையும் சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு பள்ளி முடிவு செய்தால் என்னவாகும்? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அந்த ஜோடிக்கு 4உம் 32உம் சேர்ந்து 36 வாய்ப்பு வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுத் தனிப் பிள்ளைக்கு 20தான். பெட்டிக்குள் இரண்டு முறை கைவிடும் உரிமையை ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்ததாக ஆகிறது. இதுவே மெய்யான முன்னுரிமை. வரிசையில் நிற்கும் மற்றப் பெற்றோர் முணுமுணுத்தால் அவர்கள் மேல் குற்றமில்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. இருவர் பெயரையும் ஒரே சீட்டில் எழுதிப் போடுவது. சீட்டு விழுந்தால் இருவரும் உள்ளே. விழாவிட்டால் இருவரும் வெளியே. அப்போது வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 20. மற்ற எந்தப் பிள்ளைக்கும் உள்ள அதே வாய்ப்பு. பிறருடைய பங்கிலிருந்து அநேகமாக ஒன்றும் குறையவில்லை. பிரியும் துன்பம் மட்டும் முற்றாக நீங்கிவிடுகிறது. இதற்குப் புள்ளியும் வேண்டாம், தனி ஒதுக்கீடும் வேண்டாம். ஒரு காகிதத்தில் ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர் எழுதினால் போதும். இதை முன்னுரிமை என்று அழைப்பதே தவறு என்பது நம் கருத்து.

ஒரே ஒரு முடிச்சு மீதி இருக்கிறது. 19 இடங்கள் நிரம்பி ஓர் இடம் எஞ்சியிருக்கையில் இரட்டையர் சீட்டு வந்தால் என்ன செய்வது? இங்கிலாந்து நாட்டில் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். அங்கே சிறு பிள்ளைகளின் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வரம்பு வந்தது. மிகக் கண்டிப்பான வரம்பு. ஆயினும் இரட்டையரில் ஒருவர் 30ஆவது பிள்ளையாகச் சேர்க்கப்பட்டால், மற்றவரையும் வரம்புக்கு மேலாகச் சேர்க்கலாம் என்று 2012 முதல் அந்நாட்டின் பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. எவருடைய இடமும் பறிக்கப்படுவதில்லை. வகுப்பறையில் ஒரு நாற்காலி கூடுகிறது. அந்த விதியில் நமக்குப் பிடித்தது அதன் அடக்கம். இரட்டையரை வரிசையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தாமல், கதவு மூடும் வேளையில் ஒருவன் கை வெளியே மாட்டிக்கொள்ளாதபடி மட்டும் பார்த்துக்கொள்கிறது.

இரட்டைப் பேற்றை ஒரே பேறாக எண்ணுவது நம் நாட்டு நிர்வாகத்துக்கும் அந்நியமன்று. கேந்திரிய வித்யாலயாக்களின் சேர்க்கை நெறிமுறைகளில், பெற்றோருக்கு ஒரே பிள்ளையான பெண் குழந்தைக்கெனத் தனி ஏற்பாடு பல ஆண்டுகள் இருந்தது; இரட்டைப் பெண் குழந்தைகளையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஒற்றைப் பெண் குழந்தைகளின் முதுகலைப் படிப்புக்கு அளித்துவந்த இந்திரா காந்தி உதவித்தொகைக்கும் இரட்டைச் சகோதரிகள் விண்ணப்பிக்கலாம் என்றே இருந்தது. அங்கே ஒன்றாக எண்ணத் தெரிந்தவர்களுக்கு, நர்சரிக் குலுக்கலில் எண்ணத் தெரியாதா?

சட்டத்தின் பார்வையிலும் ஒரே சீட்டு முறையே பழுதற்றதாகத் தோன்றுகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையில் பிள்ளைகளை வடிகட்டக் கூடாது என்கிறது. வடிகட்டல் என்றால் என்னவென்றும் அதுவே விளக்குகிறது: குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் அல்லாது, ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளைக்கு மேலாகத் தெரிந்தெடுப்பது. அப்படிச் செய்யும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். ஆறு வயது நிரம்பாத நர்சரிப் பிள்ளைகளின் பொதுச் சேர்க்கைக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. (அத்தீர்ப்பை வழங்கிய அமர்வின் தலைமை நீதிபதி டி. முருகேசன் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர்.) பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், இரட்டையருக்குக் கூடுதல் புள்ளி தருவது ஒருவரை மற்றவருக்கு மேலாகத் தெரிந்தெடுப்பதே. ஒரே சீட்டில் இரு பெயர் எழுதுவதோ குலுக்கல்தான். அதை எவரும் குறைசொல்ல இயலாது.

இதுவரை கட்டணம் செலுத்திப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். மெய்யான கொடுமை வேறிடத்தில் இருக்கிறது. அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை ஏழை எளிய, பின்தங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி அளிக்க வேண்டும். தில்லியில் இதற்குக் கல்வி இயக்ககமே கணினி வழியாகக் குலுக்கல் நடத்திப் பள்ளியை ஒதுக்குகிறது. கட்டுமானப் பணியிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் நம் மக்களின் பிள்ளைகள் சிலர் இவ்வழியே நல்ல பள்ளிகளில் சேர்ந்திருக்கிறார்கள். அவ்வீட்டில் இரட்டையர் இருந்து, கணினி அவர்களை வெவ்வேறு இரு பிள்ளைகளாகவே பார்க்குமானால் என்ன நேரும்? ஒருவன் பெரிய பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றி ஆங்கில வழியில் படிப்பான். மற்றவன் மாநகராட்சிப் பள்ளிக்குச் செல்வான். மாநகராட்சிப் பள்ளியைத் தாழ்த்திச் சொல்வது நம் நோக்கமன்று. அதில் படித்து உயர்ந்தவர் அநேகர். ஆனால் ஒரே பாயில் உறங்கி எழும் இரு பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் ஒரு மொழியும் ஒரு உலகமும் திறப்பதை அவ்வீட்டுத் தாய் எட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுக்குப் பிரிவு என்பது இரண்டு வேன். ஏழை வீட்டுக்கு அது இரண்டு வாழ்க்கை. கணினியில் இரு பெயரை ஒரே வரிசையில் இணைப்பது காகிதச் சீட்டைவிட எளிது. ஒரே சீட்டு விதியை எங்கேயாவது முதலில் எழுத வேண்டுமென்றால் அங்கேயே எழுத வேண்டும்.

முகவரி இல்லாதவருக்கு இந்த வழிகள் யாவுமே அடைபட்டுப் போகின்றன என்பதையும் நாம் மறக்கலாகாது. தில்லி ஜங்புராவில் நம் தமிழ் மக்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்துவந்த மதராசி முகாம் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. மாற்று வீடு பெறத் தகுதியுள்ளோர் என்று கருதப்பட்டவர்களுக்கு நகரின் மறுகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. வீடு பள்ளிக்கு எவ்வளவு அருகில் என்பதே பெரும்புள்ளியாக இருக்கும் நகரில், வீடு போன குடும்பத்துப் பிள்ளை எந்தக் கணக்கில் வரும்? இது தனியே எழுத வேண்டிய பொருள்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இரட்டையர் பிரிவு ஏன் அதிகமாக வலிக்கிறது என்றால், நமக்கு உதவிக்கு ஆளில்லை. ஊரில் என்றால் ஒரு பிள்ளையை ஆச்சி அழைத்துவருவார். மற்றப் பிள்ளையைச் சித்தப்பா சைக்கிளில் ஏற்றிவருவார். இங்கே தாய்க்கு இரவுப்பணி, தகப்பனுக்கு மெட்ரோவில் ஒன்றரை மணி நேரப் பயணம். பகல் 12 மணிக்கு ஒரு வாசலிலும் 12.30க்கு 7 கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு வாசலிலும் ஒரே ஆள் நிற்க முடியாது. முன்னாள் மாணவர் புள்ளியும் நமக்கில்லை. பாளையங்கோட்டையில் படித்தவருக்குத் தில்லிப் பள்ளி எப்படிப் புள்ளி தரும்? தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருப்பது அங்குள்ள தமிழருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் எல்லார் வீட்டுக்கும் அவை அருகில் இல்லை.

கிறிஸ்தவ நிர்வாகத்திலுள்ள பள்ளிகளை நாடும் வாசகர்களுக்கு ஒரு சொல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2025இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்திருக்கிறது. இத்தகைய பள்ளிகள் தங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கும்போது பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்பதுண்டு. நம் சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கமில்லை. குழந்தைப் பிரதிஷ்டை மட்டுமே உண்டு. படிவம் கொடுக்கும் நாளில் இதைச் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, முன்னதாகவே பள்ளி அலுவலகத்தில் விசாரித்து, போதகரிடம் முறையான கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரட்டையரானால் இருவர் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே கடிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

ஒரே பள்ளியில் இடம் கிடைத்தபின் ஒரே பிரிவில் உட்காரவைப்பதா, வெவ்வேறு பிரிவிலா என்ற கேள்வி எழும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2005இல், இதில் பெற்றோரின் விருப்பத்துக்கு இடமளித்துச் சட்டமே இயற்றியது. பிரித்தால்தான் வளர்வார்கள் என்று சில ஆசிரியர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அந்த உறுதிக்கு ஆதாரம் போதாது. சில ஜோடிகளுக்குப் பிரிவு நல்லது, சிலருக்குச் சேர்ந்திருப்பது நல்லது. உங்கள் பிள்ளைகளை நீங்களே நன்கு அறிவீர்கள். மூன்று வயதில் சேர்த்து வைத்து, ஏழெட்டு வயதில் பிரிவு மாற்றிக் கேட்டாலும் தவறில்லை.

இனி, வருகிற ஆண்டில் விண்ணப்பிக்கப்போகும் இரட்டையர் பெற்றோருக்குச் சில காரியங்கள். தில்லியில் படிவங்கள் நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ தொடங்கும்; பதிவுக் கட்டணம் படிவத்துக்கு 25 ரூபாய்தான், விவரக் கையேட்டைக் கட்டாயமாக வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் அளவுகோலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். அதில் இரட்டையரைப் பற்றி ஏதேனும் சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், படிவம் கொடுக்கும் நாளிலேயே முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, இருவர் பெயரையும் ஒரே சீட்டில் போடும்படி கேளுங்கள். சலுகை கேட்பது போல எழுத வேண்டாம். பிறருடைய வாய்ப்பு இதனால் குறையாது என்பதைக் கணக்கோடு எழுதுங்கள். ஒவ்வொரு படிவத்திலும் மற்றப் பிள்ளையின் பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு மட்டும் இடம் கிடைத்துவிட்டால் உடனே மனம் தளர்ந்து மற்றவரை வேறெங்கோ சேர்த்துவிடாதீர்கள். இரண்டாம் பட்டியல் வரும். அதற்குப் பின்னும் இடம் காலியானால் மேலும் ஒரு பட்டியல் வருவதுண்டு. முதல் பிள்ளை சேர்ந்துவிட்டபடியால் இப்பொழுது இரண்டாம் பிள்ளைக்கு உடன்பிறந்தோர் புள்ளி உண்டா என்று எழுத்து மூலம் கேளுங்கள். விண்ணப்பித்த நாளில் இருந்த நிலையையே பார்ப்போம் என்று பள்ளி பதில் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும், அடுத்த ஆண்டு கே.ஜி. வகுப்பில் இடம் காலியாகும்போது அந்தப் புள்ளியை மீண்டும் கேட்கலாம்.

குலுக்கல் நாளில் அவசியம் நேரில் செல்லுங்கள். பெற்றோர் முன்னிலையில், வீடியோ பதிவோடு அதை நடத்த வேண்டும் என்றும், சீட்டுகளைப் பெட்டியில் போடுவதற்கு முன் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்றும் கல்வி இயக்ககம் அறிவுறுத்தியிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் உங்கள் பிள்ளைகளின் பெயர்கள் ஒரு சீட்டில் இருக்கின்றனவா, இரண்டு சீட்டுகளில் இருக்கின்றனவா என்பதை உங்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி மூடிய பிறகு கேட்பதில் பயனில்லை.